பச்சைக் குழந்தைக்கு முத்தம் வேண்டாமே



நம் செஞ்சிப் பக்கம் குழந்தை பார்க்கப் போனால், வாயில் முத்தம் கொடுத்துக் கொஞ்சிவிட்டுத்தான் கையில் பணம் வைக்கிறோம். "வேண்டாம் அத்தை" என்று தாய் சொன்னால் "படிச்ச திமிர்" என்கிறோம். நான் அந்தத் தாயின் பக்கம்.

கொஞ்சத் தோன்றுவது இயற்கைதான். தொடு உணர்வுக்கு மூளையில் ஒரு வரைபடம் உண்டு. கனடாவில் பென்ஃபீல்ட் 1937இல் வெளியிட்டார். முதுகு முழுவதற்கும் உள்ளதைவிட இத்தனூண்டு உதட்டுக்கு அதில் இடம் அதிகம். (சென்னை ஸ்டான்லியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவரின் கன்னத்தைத் தொட்டால் இல்லாத கையில் ஏன் உணர்வு வருகிறது என்பதை இந்த வரைபடத்தை வைத்துத்தான் விளக்கினார். வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் விழித்துக்கொள்ளும்!)

ஆனால் உதட்டோரம் கொப்புளம் போடும் ஹெர்பிஸ் வைரஸ், புண் ஆறினாலும் நரம்பில் பதுங்கியிருக்கும். புண்ணே இல்லாத நாளிலும் எச்சிலில் வரும். நமக்கு அது சில நாள் எரிச்சல். பிறந்து சில வாரமே ஆன பிள்ளைக்கு மூளை, கல்லீரல்வரை போகும்; உயிரையே எடுக்கலாம்.

முதல் மூன்று மாதம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பாதத்தைத் தொட்டுக் கொஞ்சுங்கள். உதட்டில் புண் இருந்தால் தாத்தாவே ஆனாலும் தள்ளி நில்லுங்கள். வருகிறவர்களிடம் இதைச் சொல்லும் வேலையைப் பெற்றவள் தலையில் கட்டாதீர்கள். மாமியார் சொல்லட்டும்.