பருவுக்குக் குளிசை, குளிசையால் பரு

லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வரும் பார்சலில், சொக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே ஒரு விற்றமின் போத்தலும் இருக்கும். களைப்புக்கு, முடி உதிர்வுக்கு, பிள்ளையின் முகப்பருவுக்கு என்று வீட்டில் எல்லோரும் அதிலிருந்து எடுப்பார்கள். போர் பிரித்துப்போட்ட உறவுகள் அனுப்புவது. அதனால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

கேட்கத்தான் வேண்டும். இவற்றில் சில பருவையே கொண்டுவரக்கூடியவை. பி12 ஊசிக்குப் பின் பரு வந்ததைத் தோல் மருத்துவர்கள் நீண்டகாலமாகப் பதிவுசெய்துவந்திருக்கிறார்கள். 2015 இல் வெளியான கலிபோர்னிய ஆய்வொன்றில் ஆரோக்கியமான 10 பேருக்கு பி12 கொடுத்தபோது, தோலில் வாழும் பற்றீரியாவின் செயற்பாடு மாறியது. ஒருவருக்கு ஒரு வாரத்தில் பரு வந்தது. பத்துப் பேரை வைத்து முடிவுகட்ட முடியாதுதான். ஆனாலும், திடீரென முகம் நிறையப் பரு வந்தவரிடம் என்ன குளிசை எடுக்கிறீர்கள் என்று கேட்க இது போதும். ஜிம்முக்குப் போகும் பெடியள் கரைத்துக் குடிக்கும் வே புரதமாவைப் பற்றியும் இதேபோன்ற மருத்துவப் பதிவுகள் உண்டு.

சிங்க் எனப்படும் நாகத்துக்கு ஓரளவு பலன் இருக்கிறது. பிரான்சில் 332 பேரிடம் நடந்த ஒப்பீட்டில் நாகம் எடுத்தவர்களில் 31 வீதமானோர் தேறினர். மினோசைக்கிளின் எடுத்தவர்களில் 63 வீதம். அளவு மீறி நெடுநாள் எடுத்தால் உடலில் செம்பு குறையும்.

விற்றமின் ஏ விடயத்தில் விளையாடவே கூடாது. கடும் பருவுக்கு மருத்துவர் எழுதும் ஐசோட்ரெற்றினோயின் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டும் சேர்ந்தால் நச்சுத்தன்மை கூடும். கர்ப்பமுற்ற பெண் ஐசோட்ரெற்றினோயின் எடுத்தால் சிசுவுக்குப் பாரதூரமான ஊனம் ஏற்படலாம். கிளினிக்கில் ஒன்று, வீட்டில் இன்னொன்று என்று எடுப்பவள் இதை மருத்துவரிடம் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

சட்டம் இல்லாமலில்லை. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, உணவுக்கும் மருந்துக்கும் இடைப்பட்ட உற்பத்திகளும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் கீழ் வருகின்றன. ஆனால் மாமி அனுப்பும் பார்சலை எந்தப் பதிவேடு பிடிக்கும்? முகநூலில் "நூறு வீதம் இயற்கை" என்று விற்பவரின் கதையும் அதுதான்.

பி12 குறைபாட்டுக்காக மருத்துவர் தந்த குளிசையை இதை வாசித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் குறைபாடு நரம்பைக் கெடுக்கும். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, வீட்டிலிருக்கும் போத்தல்கள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள்.