தறியோசையும் பாடகர் குழுவும்



"சாமி, பாட்டுப் பழக ஆள் வரமாட்டேங்குது. தறிக்குப் போனவன் ராத்திரி ஒன்பதுக்குத்தான் வீடு திரும்புறான். பேசாம பெட்டியிலே பாட்டைப் போட்டுடலாமா?" என்று இளம்பிள்ளையில் நம் பாடகர் குழுத் தலைவர் சென்ற மாதம் என்னைக் கேட்டார். உடனே விடைகூற இயலவில்லை. சலிப்பில் சம்மதித்துவிடவும் இருந்தேன்.

இந்தச் சிக்கல் நெசவு ஊர்களுக்குப் புதிதன்று. இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு, கம்பளி ஆலைகளால் வளர்ந்த ஊர். அங்கே 1836-இல் பதினாறு பேர் கூடிப் பாடற்சங்கம் ஒன்றை நிறுவினர். அது இன்றும் பாடுகிறது. அக்காலத் தொழிலாளர்க்கு ஐந்துகோட்டு இசைக்குறிப்பு எட்டாக்கனி. டோ, ரே, மீ என்னும் எழுத்துகளாலேயே இசையை எழுதும் முறையை ஜான் கர்வன் என்ற போதகர் பரப்பியபின் எளியோரும் நான்கு குரல்களில் பாடக் கற்றனர். தமிழகத்தில் நம் சகோதரத் திருச்சபையினர் பலர் பயில்வதும் அம்முறையே.

சென்னையில் மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷன் 1893-இல் தோன்றியது. ஊதியம் கருதாது பாடுவோரின் சங்கம் அது. பல்லாண்டுகள் அதனை வழிநடத்தியவர் வானொலியில் பணியாற்றிய ஹேண்டல் மானுவேல். இசைமேதை ஹேண்டலின் பெயரை இவருக்குச் சூட்டிய பெற்றோரை எண்ணி வியக்கிறேன்!

அந்த ஹேண்டலின் 'மெசையா' 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளின் நகரில் அரங்கேறியது. திரண்ட பணத்தில் மருத்துவமனைகளுக்குப் பங்கு போக, கடனுக்காகச் சிறைப்பட்டிருந்த 142 பேர் விடுதலை பெற்றனர். கடனின் கொடுமையை நம் தறிக்காரர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கத்தோலிக்கராகிய நாம் இதில் பிந்தினோம் என்பதையும் ஒப்புக்கொள்வோம். 1903-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட இசை ஒழுங்கு, பாடகர் குழுவில் பெண்களுக்கு இடந்தரவில்லை. சங்கத்திற்குப்பின், 1967-இல் வந்த போதனை ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும் குழுவை வெளிப்படையாக ஏற்றது.

ஆகவே பயிற்சியை இரவிலிருந்து ஞாயிறு திருப்பலிக்குப் பிந்திய அரைமணிக்கு மாற்றினோம். முதல் வாரம் ஏழுபேர் வந்தனர். அவருள் நால்வர் தார் சுற்றும் பெண்கள். ஒருவர் கைக்குழந்தையோடு நின்று பாடினார். குரல் சில இடங்களில் பிசகியது. பெட்டியை இன்னும் அலமாரியிலிருந்து எடுக்கவில்லை.