வார்ம்-அப் டிராக்கைப் பாருங்கள்

தேசியத் தடகளப் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நம் பயிற்சியாளர்களில் பலர், பதக்கப் பட்டியலோடும் விடுதிச் சாப்பாடு பற்றிய புலம்பலோடும் ஊர் திரும்புகிறார்கள். (புலம்பலில் நியாயம் உண்டு, அது வேறு கதை.) வார்ம்-அப் டிராக்கில் ஒரு மாலை முழுக்க நின்றவர்கள் குறைவு.

2023 ஜூனில் புவனேசுவரம் கலிங்கா அரங்கில் நடந்த மாநிலங்களுக்கு இடையிலான சீனியர் போட்டியில், முரளி ஸ்ரீசங்கர் நீளம் தாண்டுதலில் 8.41 மீட்டரை எட்டினார். அதுவும் தகுதிச் சுற்றிலேயே. அந்தச் சுற்றில் கிடைப்பது மூன்றே தாவல். அதற்குள் பலகை வசப்பட வேண்டும். அதே ஆண்டு மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தின் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.42 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைத்தது, அவர் பயிற்சி எடுத்துவந்த விஜயநகர் இன்ஸ்பயர் விளையாட்டு நிறுவன (ஐ.ஐ.எஸ்.) மைதானத்தில். பழகிய தளத்தின் அருமை நமக்குத் தெரியாததல்ல.

நம் பள்ளிப் பிள்ளைகள் பழகுவதோ மண்ணில். சிந்தெடிக்கில் ஸ்பைக்ஸ் போட்டு ஓடினால் எட்டு நீளும். ஊரில் அளந்து வைத்த ஓட்டத் தொடக்க மார்க் உதவாது. மூன்று தாவலும் ஃபவுலாகித் திரும்பும் பையனை ‘பதறிவிட்டான்’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். போதாக்குறைக்கு, 2021 நவம்பர் முதல் பலகையை ஒட்டிய பிளாஸ்டிசினில் தடம் விழுகிறதா என்ற பேச்சே இல்லை. தாவும்போது ஷூ நுனி கோட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தாலே ஃபவுல்.

வார்ம்-அப் டிராக்கில் தேர்ந்தவர்களைக் கவனியுங்கள். டேப்பை விரித்து அளந்து, பாதத்தால் ஒருமுறை சரிபார்த்து, நாடா ஒட்டி, இரண்டு மூன்று ஓட்டம் ஓடிப் பார்க்கிறார்கள். பின்காற்று என்றால் மார்க் ஒரு பாதம் பின்னே போகும். பிறகு கால் ரூம் (call room), போட்டிக்கு முன் வீரர்களைச் சரிபார்த்துக் காத்திருக்க வைக்கும் அறை. அங்கே பயிற்சியாளருக்கு இடமில்லை, கைபேசிக்கும் இல்லை. அதிகாரிகள் ஸ்பைக்ஸ் ஆணியைப் பார்ப்பார்கள், எண் அட்டையைப் பார்ப்பார்கள். உடம்புச் சூடு ஆற ஆறக் காத்திருக்க வேண்டும். மைக்கில் பெயர் கேட்டதும் ஓடிவந்து பழகிய பிள்ளை அங்கேயே பாதி தளர்ந்துவிடுகிறது.

மாவட்ட விளையாட்டு அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாநிலப் போட்டிக்குத் தேர்வான மண் மைதானப் பிள்ளைகளுக்கு, அருகிலுள்ள சிந்தெடிக் டிராக்கை இரண்டு வாரமாவது காலையில் திறந்துவிடுங்கள். உடற்கல்வி ஆசிரியர்கள் அடுத்த மாவட்டப் போட்டியிலேயே ஒரு ஷாமியானாவும் நாலு பெஞ்சும் போட்டுக் கால் ரூம் நடத்தலாம். அதற்கு அரசாணை தேவையில்லை.