தலைப்பை உதிர்த்தவர்கள்

பிரமிளின் 'காவியம்' கவிதையை அறியாத இலக்கிய வாசகர் அரிது. அறிந்தவர்களுள் எத்தனை பேர் அதை வாசித்திருக்கிறார்கள் என்பதே நம் ஐயம். எழுத்தாளர் ஒருவர் மறைந்தால் போதும். அஞ்சலிக் குறிப்பின் தலையில் அந்த இறகு வந்து அமர்ந்துவிடுகிறது. பெரும்பாலும் தலைப்பு இராது. சில இடங்களில் எழுதியவர் பெயரும் இராது.

தலைப்பை உதிர்த்தால் பாதிக் கவிதை போயிற்று. பெருங்காப்பியத்துக்குத் தண்டியலங்காரம் கேட்பவை எத்தனை! வாழ்த்து, மலை, கடல், நாடு, நகர், பருவம், ஒப்பற்ற தலைவன். இங்கே இருப்பது ஒரே வாக்கியம். தலைவனோ பெயரற்ற ஏதோ ஒரு பறவை. அதுவும் நம் கண்ணில் படுவதில்லை. இவ்வளவு சிறியதற்கு இவ்வளவு பெரிய பெயரைச் சூட்டிய துணிச்சலே அதன் வடிவம். அந்த மோதலை நீக்கிவிட்டுப் படித்தால் அழகான படிமம் ஒன்று மிஞ்சும்; வாழ்த்து அட்டைக்கு அது போதும்.

உரைநடையை ஒடித்துப் போட்டால் கவிதையா என்று கேட்போர் வேறு வகை. செல்லப்பா 1959இல் 'எழுத்து' தொடங்கிய காலந்தொட்டுக் கேட்டுவரும் கேள்வி இது. அவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு வரட்டும். 'சிறகு' என்பதன் முதலில் நிற்கும் மெய்யை மட்டும் நீக்குங்கள், எஞ்சுவது 'இறகு'. பறவையின் உடலில் நேர்ந்த பிரிவு சொல்லின் உடலிலும் நேர்கிறது. எதுகையும் தானே அமைந்துவிடுகிறது. யாப்பை விட்டவர் ஓசையையும் விட்டார் என்று யார் சொன்னது?

இனி, உணர்வு. இதைச் சோகக் கவிதை என்று முடிவு கட்டிவிட்டார்கள். நாம் மறுக்கிறோம். பிரிவைச் சொல்லும் பெயரெச்சம் இறந்தகாலத்தில் நிற்கிறது. இறகின் செயலைச் சொல்லும் வினைமுற்று நிகழ்காலத்தில் நிற்கிறது. இழப்பு முடிந்துபோன செய்தி, எழுத்து முடியவில்லை. 'நான்' என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒருவரும் இல்லை, அழுவதற்கும் இல்லை. துக்கத்தின் சாயலே இல்லையா என்றால், உண்டு. 'பிரிந்த' என்பதைக் கேட்டதும் நெஞ்சு சற்றே இறங்கத்தான் செய்கிறது. ஆனால் வாக்கியம் அங்கே நிற்காமல் கடந்துவிடுகிறது. அடுத்து வருவது காற்று, அதன் விரிவு. அந்த விரிவின் முன் ஏற்படும் திகைப்பை இரங்கல் என்று பெயர்மாற்றுவது சோம்பல்.

கையறுநிலை வேண்டுவோர்க்குப் புறநானூற்றில் பாரி மகளிர் பாட்டு இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளட்டும்.