குடியானவர் கண்கள்

கண்ணிற் பட்ட சிறு கீறல் ஒன்றினால் மனிதன் பார்வையை இழந்துவிடக்கூடும் என்று சொன்னால் நகரவாசிகளிற் பலர் நம்பமாட்டார்கள். கிராமங்களிலோ இது சர்வ சாதாரணமான சம்பவம். நெற்கதிரின் சுணையோ, கரும்புத் தோகையோ, களத்துத் தூசியோ, மாட்டின் வாலோ கண்ணிற் படுகிறது; கருவிழியின் மேற்படலம் கீறுகிறது. அந்தக் கீறலின் வழியாகக் கிருமியோ பூஞ்சக்காளானோ உள்ளே நுழைகிறது. சில தினங்களில் கருவிழியில் வெண்புள்ளி தோன்றிப் புண்ணாகிப் பரவுகிறது. புண் ஆறினாலும் தழும்பு நின்று பார்வையை மறைக்கிறது. ஆறாவிடில் கண்ணே உடைந்து போகிறது. இவ்விதம் கண் இழப்பவர்கள் யார்? நமக்கெல்லாம் அன்னமளிக்கும் உழவர்களும், வயலில் கூலிக்கு உழைக்கும் ஸ்திரீகளுமே!

இது நாம் மிகைப்படுத்திக் கூறும் விஷயமன்று. 1993-ம் வருஷத்தில் மதுரை ஜில்லாவில் லட்சம் பேருக்கு 113 பேர் வீதம் கருவிழிப் புண் கண்டதாக நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் மின்னஸோட்டா ராஜ்யத்தின் ஒரு ஜில்லாவில் கண்ட வீதத்தைப்போல் இது பத்து மடங்கு. 1994 ஜனவரி முதல் மார்ச் முடிய, மூன்றே மாதங்களில், மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு இந்நோயுடன் வந்த 434 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு முன்னதாகக் கண்ணில் காயம் பட்டிருந்தது. நோய்க்குக் காரணம் புலப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைப் பீடித்திருந்தது பூஞ்சக்காளான்.

இதற்கு மருந்தில்லையா? இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்று கரும்புத் தோட்டங்களில் நெற்றி வியர்வை சிந்தினார்களே, அந்த நேட்டாலின் மண்ணிலிருந்துதான் 1955-ம் வருஷத்தில் ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்து, அதினின்றும் நேட்டாமைசின் என்ற மருந்தை ஹாலந்து தேசத்து விஞ்ஞானிகள் கண்டார்கள். 1978-ல் அமெரிக்க சர்க்கார் அதைக் கண் மருந்தாக அங்கீகரித்தது. பிற்காலத்தில் வோரிகோனசோல் என்ற புதிய மருந்து வந்தது. எது சிறந்தது என்ற கேள்விக்கு விடை தந்தது தமிழ் நாட்டு உழவர்களின் கண்களே. தென்னிந்தியாவில் 323 நோயாளிகளிடையே நடந்து 2013-ல் வெளியான ஆராய்ச்சியில், பழைய நேட்டாமைசினே மேலானது என்று ருசுவாயிற்று. அதைப் பெற்றவர்களுக்குப் பார்வை நன்றாக நின்றது. கண் உடைவதும் குறைந்தது. 2017-ல் உலக சுகாதார ஸ்தாபனம் இம்மருந்தை அத்தியாவசிய மருந்துகளின் ஜாபிதாவில் சேர்த்தது.

மருந்து தெரிந்திருக்கும்போது கண் ஏன் போகிறது? மருந்து இருப்பது வேறு. அது புண்ணைச் சென்று சேர்வது வேறு. கண் இயற்கை கட்டிய கோட்டை. ஒரு துளி மருந்தை விட்டால் இமைக்குள் கொள்ளாமல் ஒரு பகுதி கன்னத்தில் வழிந்து விடுகிறது. எஞ்சியதைக் கண்ணீர் சில நிமிஷங்களில் கழுவிக்கொண்டு போகிறது. விட்டதில் இருபதில் ஒரு பங்குகூட உள்ளே செல்வதில்லை. கருவிழியிலோ இரத்தக் குழாய்களே கிடையா. ஆகையால் விழுங்கும் மாத்திரை அங்கே போதிய அளவில் எட்டுவது அரிது. கொடிய பூஞ்சக்காளான் புண்ணுக்குச் சொட்டு மருந்துடன் வோரிகோனசோல் மாத்திரையும் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சி 2016-ல் வெளியாயிற்று. மொத்தத்தில் அதனால் அதிகப் பலன் காணப்படவில்லை.

எனவே துளித் துளியாக, இடைவிடாமல், மேலிருந்தே முற்றுகையிட வேண்டியிருக்கிறது. 2013-ல் வெளியான ஆராய்ச்சியில் கையாண்ட முறையைப் பாருங்கள்: விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு துளி, ஒரு வாரம், பிறகு இரண்டு மணிக்கு ஒரு துளி, மூன்று வாரம் முடியும் வரை. நேட்டாமைசின் நீரில் எளிதில் கரையாதது. புட்டியை நன்றாகக் குலுக்கித்தான் விடவேண்டும். ஆழமாக ஊடுருவும் சக்தியும் அதற்குக் குறைவு. புண் மேலாக இருக்கும்போதே மருந்து விழுந்தால் கண் பிழைக்கும். ஆழ்ந்துவிட்ட பின் பிழைப்பது கஷ்டம். ஆகவே இந்நோயில் காலமே பாதி மருந்து.

அந்தக் காலத்தைத்தான் நம் கிராமவாசி இழக்கிறான். கண் உறுத்திய முதல் நாள் தாய்ப்பாலோ இலைச்சாறோ விளக்கெண்ணெயோ கண்ணில் விடப்படுகிறது. மறுநாள் மருந்துக் கடையில் கேட்கிறான். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் புட்டியில் ஸ்டீராய்ட் கலந்திருந்தால் வந்தது ஆபத்து. சிவப்பு மாறுகிறது, வலி தணிகிறது, நோய் தீர்ந்தது என்று அவன் நினைக்கிறான். உள்ளேயோ காளான் தடையின்றிப் பரவுகிறது! இத்தகைய மருந்தை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாது என்று சட்டம் இருக்கிறது. ஏட்டில் உறங்கும் சட்டம் எவர் கண்ணைக் காக்கும்?

ஜனங்களின் அறியாமையே இதற்கெல்லாம் காரணமென்று கூறிச் சிலர் கைகழுவி விடுவார்கள். அறியாமை உண்டு; மறுக்கவில்லை. ஆனால் அறிந்தவன்தான் என்ன செய்வான்? அன்றாடக் கூலியை விட்டு, பஸ்ஸுக்குப் பணம் தேடி, தூரத்து நகரத்துக்குப் போக வேண்டும். மூன்று வாரம் இடைவிடாமல் மருந்து விட வீட்டில் ஒருவர் வேலைக்குப் போகாமல் உடனிருக்க வேண்டும். அத்தனை நாள் அடுப்பெரிவது எப்படி? ஏழையின் வறுமையை அவனது குற்றமாகச் சொல்வது நியாயமன்று.

இவ்விஷயத்தில் அண்டை நாடான நேபாளத்தின் அனுபவம் நமக்குப் பாடமாகும். பக்தபூரில் கிராம ஊழியர்களைப் பழக்கி, கண்ணில் கீறல் பட்டவர்களுக்குக் குளோராம்பெனிகால் களிம்பை நாளைக்கு மூன்று வேளை மூன்று நாள் போடச் செய்தார்கள். 2001-ல் வெளியான விவரப்படி, அவ்விதம் சிகிச்சை பெற்ற 442 பேரில் 424 பேருக்கு நோய் பற்றாமலே காயம் ஆறிற்று. காயம் பட்ட 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்கேனும் புண் உண்டாகவில்லை. அதே நாட்டில் பெரிய அளவில் நடத்தி 2022-ல் வெளியான மற்றொரு சோதனையில் இவ்வளவு தெளிவான பலன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்குத் தோன்றுவது இதுதான்: கிராமத்தில் களிம்பை வைத்துவிட்டால் மட்டும் போதாது, காயம் பட்டவன் அன்றைக்கே அதைத் தேடி வருமாறு செய்ய வேண்டும்.

சர்க்கார் செய்ய வேண்டியவை எவை? தாலுகா ஆஸ்பத்திரிகளில் கிருமிக்கும் காளானுக்கும் உரிய சொட்டு மருந்துகள் வருஷம் முழுவதும் தட்டாமல் இலவசமாகக் கிடைக்க வேண்டும். புண்ணிலிருந்து சிறிது சுரண்டியெடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் காளானா கிருமியா என்று கண்டறிய அங்கேயே வசதி வேண்டும்; இதற்குப் பெருஞ் செலவில்லை. வீட்டில் துணையில்லாத ஏழைக்குப் படுக்கையும் உணவும் அளித்து, மணிதோறும் மருந்து விட ஆள் வைக்க வேண்டும். அறுவடைக்கு முன்பே கிராமச் சுகாதார ஊழியர்களிடம் களிம்பைக் கொடுத்து, அதைக் கையாளும் முறையையும், வெண்புள்ளி கண்டவனைத் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் பொறுப்பையும் கற்பிக்க வேண்டும். ஸ்டீராய்ட் மருந்தைச் சீட்டின்றி விற்போர்மீது சட்டம் பாய வேண்டும்.

தேசத் தொண்டர்களுக்கும் இதில் வேலை உண்டு. கூட்டங்களில் உழவரின் உரிமையைப் பற்றி முழங்குகிறவர்கள், கண்ணில் அடிபட்டவன் அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டுமென்பதையும் களந்தோறும் சொல்லட்டும். கண் தானத்தை நாம் வாயாரப் புகழ்கிறோம்; புகழத்தக்கதே. ஆனால் புண்ணால் பாழ்பட்ட கண்ணில் மாற்றுக் கருவிழி நிலைப்பது எளிதன்று. உள்ள கண்ணைக் காப்பதே முதல் தருமம்.

சுயராஜ்யம் வந்து முக்கால் நூற்றாண்டு கடந்து விட்டது. எந்த மருந்து நல்லதென்று உலகத்துக்கு எடுத்துக்காட்டியது தமிழ் நாட்டு உழவனின் கண். அந்த மருந்தின் துளி அவன் கண்ணிலேயே காலத்தில் விழாமற்போனால், அந்த அவமானம் அவனுடையதன்று, நம்முடையது.