கரிக்கு விலை, காட்டுக்கு என்ன?

எரித்தவன் ஒருவன், வெந்தவன் மற்றொருவன். இன்றைய உலகின் தட்பவெப்பச் சீர்கேட்டினுள் உறையும் பெருங்கொடுமை இதுவே. போடிநாயக்கனூர் மக்களுக்கு இதனை எவரும் ஏட்டைக் காட்டி விளக்க வேண்டுவதில்லை. ஏலம், மரநிழலிலும் மண்ணீரத்திலும் வாழும் பயிர். 1956-ஆம் ஆண்டு மாநிலப் பிரிவினையில் கேரள எல்லைக்குள் நிறுத்தப்பட்ட ஏலமலையின் சரிவுகள், 2018-ஆம் ஆண்டுப் பெருமழையில் சரிந்தன. 2024-ஆம் ஆண்டுக் கோடையிலோ அங்கு ஏலச்செடிகள் காய்ந்து கருகின. தோட்டம் கருகினால், போடிமெட்டு ஏறிக் கூலிக்குச் செல்லும் தமிழ்ப் பெண்டிரின் அடுப்பு அணைகிறது. போடியின் ஏலக்காய் வாணிகமும் சோர்கிறது. இவர்கள் எரித்த நிலக்கரிதான் எவ்வளவு?

கரிவளியைக் கக்குவோர் அதற்குரிய விலையைக் கொடுத்தல் வேண்டும் என்பது நேரிய கொள்கையே. பின்லாந்து 1990-இலும் சுவீடன் 1991-இலும் கரிவரி விதித்தன. ஆயினும், ஒரு நாடு விதிக்க மற்றொரு நாடு விதியாதிருப்பின், ஆலைகள் வரியில்லா நாட்டிற்குப் பெயரும், புகை குறையாது. எனவே, நாடுகள் கூடி விலை வைத்தல் இன்றியமையாதது. பன்னாட்டு நாணய நிதிய அலுவலர்கள் 2021-இல் ஒரு திட்டம் கூறினர். தொன் ஒன்றுக்குக் குறைந்த அளவு விலையாகச் செல்வ நாடுகள் 75 தாலரும், சீனம் போன்றவை 50 தாலரும், இந்தியா போன்றவை 25 தாலரும் வைக்கலாம் என்பது அது. தொகையில் வேறுபடலாம், உள்ளவன் மிகுதியாகக் கொடுக்க வேண்டும் என்னும் முறை அறத்தின்பாற் பட்டதே.

ஐரோப்பிய ஒன்றியமோ, இரும்பு, அலுமினியம் முதலிய இறக்குமதிப் பொருள்கள்மேல் எல்லைக் கரிவரியை 2026 முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது. இருநூறு ஆண்டுகள் நிலக்கரி எரித்துக் கொழுத்தவர் நம்மிடம் வரி கேட்பதா எனச் சினம் எழுதல் இயல்பே. ஆனால், பொருள் செய்யப்பட்ட நாட்டிலேயே செலுத்திய கரிவிலையை அச்சட்டம் கழித்துக் கொள்கிறது. நாமே தண்டினால் பணம் இங்கேயே தங்கும்.

தங்கும் பணம் எவர் கைக்குப் போகும்? நம் வினா இதுவே. நிலக்கரி தொன்னுக்கு 50 உரூபா என 2010-இல் தில்லி விதித்த மேல்வரி, 2016-இல் 400 உரூபா ஆயிற்று. தூய ஆற்றலுக்கென்று தொடங்கிய அது, 2017-இல் சரக்கு சேவை வரி இழப்பீட்டுக்குத் திருப்பப்பட்டது. 2025-இல் அவ்விழப்பீட்டு வரியும் நீக்கப்பெற்று, நிலக்கரிமேலுள்ள பொதுவரி உயர்த்தப்பட்டது. மேல்வரியென்று பெயரிட்டால் மாநிலங்களுக்குப் பங்கு தர வேண்டியதில்லை என்பது இந்திய அரசியல் சட்டத்தின் போக்கு. கரிக்கு விலை இருந்தது; காட்டுக்கு அதில் உரிமை இருந்ததில்லை.

ஆகவே தமிழர் இரண்டு கோரிக்கைகளை முன்வைத்தல் வேண்டும். உலக மன்றத்தில், மிகுதியாக எரித்தவன் மிகுதியாகக் கொடுக்கட்டும். உள்நாட்டில், கரிவிலையில் மாநிலங்களின் பங்கு சட்டத்தால் உறுதியாகட்டும். அப்பங்கிலிருந்து நிழல்மரம் காக்கும் சிறு தோட்டத்தார்க்கும், வறட்சியில் கூலி இழக்கும் உழைப்பாளர்க்கும் ஈடு கிடைக்கட்டும். மலையைக் காப்பவன் வயிறு காய, மலையின் பெயரால் வரி தண்டுதல் அறமன்று, அது பகற்கொள்ளை!