மன்னிப்பின் பெயரால் மறதியைப் போதிக்காதீர்கள்

மன்னித்துவிடுங்கள், மறந்துவிடுங்கள். நம் நாட்டின் தேவாலயங்களில், குறிப்பாகத் தவக்காலத்திலும் பெரிய வெள்ளியன்றும், அடிக்கடி ஒலிக்கும் அறிவுரை இது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரைப் பற்றிப் பத்திரிகையில் பல ஆண்டுகள் எழுதியவன் என்ற முறையில் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். இந்த அறிவுரையின் முதற் பாதி நற்செய்தியில் இருக்கிறது. இரண்டாம் பாதி எங்கே இருக்கிறது?

லூக்கா நற்செய்தியின் 17ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். சகோதரன் குற்றம் செய்தால் அவனைக் கண்டிக்கும்படியும், அவன் மனம் வருந்தினால் மன்னிக்கும்படியும் இயேசு பணிக்கிறார். கண்டித்தல், மனம் வருந்துதல், மன்னித்தல் என்று மூன்று படிகள் அங்கே உள்ளன. நமது போதகர்கள் பலர் முதல் இரண்டையும் விட்டுவிட்டு, மூன்றாவது படியில் ஏறி நிற்குமாறு பாதிக்கப்பட்டவரை மட்டும் கேட்கிறார்கள். குற்றம் செய்தவனிடம் அவர்கள் எதையும் கேட்பதில்லை.

மறு கன்னத்தையும் காட்டு என்பதை இதற்கு எதிராக எடுத்துக்காட்டுவார்கள். அதைப் போதித்தவர் தாமே அறையப்பட்டபோது என்ன செய்தார்? தலைமைக் குருவின் முன்னிலையில் காவலன் ஒருவன் அறைந்தபோது, தாம் பேசியதில் தவறு என்ன என்று காட்டும்படி கேட்டார். தவறில்லையெனில் ஏன் அடித்தாய் என்றும் கேட்டார். யோவான் நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் இதைப் பதிவு செய்திருக்கிறது. அவர் திருப்பி அடிக்கவில்லை, மௌனமாகவும் இருக்கவில்லை. பழிவாங்காமல் இருப்பது வேறு, காரணம் கேளாமல் இருப்பது வேறு.

நீதியற்ற நடுவனிடம் ஓயாது சென்று முறையிட்ட கைம்பெண்ணின் உவமையையும் இயேசுவே சொன்னார். அவளை அவர் தொல்லைக்காரி என்று ஏசவில்லை. சோர்ந்துபோகாத மன்றாட்டுக்கு முன்மாதிரியாக நிறுத்தினார். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கிய தாய்மாரை நினைத்துப் பாருங்கள். அவர்களுள் பலர் விடை காணாமலே கண்மூடிவிட்டனர். அந்தக் கைம்பெண்ணைப் பற்றிப் பிரசங்கித்துவிட்டு, இந்தத் தாய்மாரிடம் "போதும், வீட்டுக்குப் போங்கள்" என்று சொல்வது எந்த வகை விசுவாசம்?

ஊதாரி மைந்தன் வாய் திறக்குமுன்னரே தந்தை ஓடிச்சென்று அணைக்கவில்லையா, சிலுவையில் தொங்கியவர் தம்மைக் கொல்வோருக்காக மன்றாடவில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஓடிச்சென்றவர் காயப்பட்ட தந்தை. மன்றாடியவர் ஆணி அறையப்பட்டவர். சிலுவையடியில் நின்ற மரியாளிடம், மகனை மறந்துவிடு என்று எவரும் பிரசங்கம் செய்ததாக நற்செய்தியாளர் எழுதவில்லை. மன்னிக்கும் உரிமை காயப்பட்டவருக்கே உரியது. அதை அவருக்குப் பதிலாக அரசாங்கமும் வழங்க முடியாது, ஆயரும் வழங்க முடியாது.

இதைத் தென்னிலங்கைத் திருச்சபை பெருந்துயரின் ஊடாகக் கற்றுக்கொண்டது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயங்களிலும் கொழும்பு விடுதிகளிலும் நடந்த தாக்குதல்களில் 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தாக்கியவர்களை மன்னித்துவிட்டதாகக் கர்தினால் மல்கம் ரஞ்சித் 2020இல் அறிவித்தார். அதன் பின்னரும் உண்மையைக் கோருவதை அவர் நிறுத்தவில்லை. 2022இல் ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை வரை சென்றார். அவர் செய்தது சரி. ஆனால் 2012இல், போரின் இறுதிக்கட்டம் குறித்த தீர்மானம் அதே பேரவைக்கு வந்தபோது, அதை அந்நியத் தலையீடு என்று எதிர்த்தவரும் அவரே. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011இல் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் 1,46,679 பேரின் கதி என்னவென்று கேட்டார். 2021இல் அவர் மறையும்வரை அக்கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. கட்டுவாப்பிட்டித் தாயின் கண்ணீருக்கு ஒரு நற்செய்தியும், முள்ளிவாய்க்கால் தாயின் கண்ணீருக்கு இன்னொரு நற்செய்தியும் இல்லை.

இதே அளவுகோலை நம் பக்கமும் திருப்பாவிட்டால் நான் எழுதுவது பாசாங்காகிவிடும். 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் சில மணி நேர அவகாசமே கொடுக்கப்பட்டது. வீட்டையும் கடையையும் நகையையும் விட்டுச் சென்றனர். வரி தண்டிய சக்கேயு மனம் மாறியபோது வெறுமனே வருத்தம் தெரிவிக்கவில்லை. உடைமையில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காக உரியவருக்கும் கொடுப்பதாகச் சொன்னான். அதன் பின்பே அந்த வீட்டுக்கு மீட்பு வந்ததாக இயேசு அறிவித்தார். வடக்கிலே எத்தனை பிரசங்க மேடைகளில் சக்கேயுவின் கதை 1990உடன் சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது?

உன்மீது உன் சகோதரனுக்கு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்பதே மலைப்பொழிவின் கட்டளை. எழுந்து நடக்கவேண்டியவன் தீங்கு செய்தவன். நமது ஆலயங்களில் பாதிக்கப்பட்டவளையே எழுப்பி நடக்கச் சொல்கிறோம். போதகர்களே, அடுத்த தவக்காலத்தில் ஒருமுறையேனும் அந்தத் தாயைப் பார்த்துப் பேசாமல், அவள் பிள்ளை எங்கே என்று தெரிந்தும் வாய் திறவாதவனைப் பார்த்துப் பேசுங்கள். அவனும் உங்கள் சபையில், முன்வரிசையில்கூட, அமர்ந்திருக்கலாம்.